ஸ்கோர் ஷீட்டில் பாஸுக்குக் கட்டம் இல்லை

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆடும் டெட்ராயிட் பிஸ்டன்ஸ் அணியின் கேட் கன்னிங்ஹாம் ஆட்டத்தை அமைத்துக் கொடுக்கத் தெரிந்த பாயிண்ட் கார்டா, அல்லது பந்து எந்நேரமும் தன் கையிலேயே இருப்பதால் எண்கள் தாமாகச் சேர்ந்துவிடுகிற ஆட்டக்காரரா என்ற கேள்வியால் சேலத்தில் யாருடைய பிழைப்பும் கெட்டுவிடப் போவதில்லை. இருந்தும், லீக்குக்குள் வரும் புதியவர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2021இல் அவர் முதல் ஆளாக எடுக்கப்பட்ட நாளிலிருந்து எங்கள் மாலை நேரங்களை அந்தக் கேள்விதான் தின்றுகொண்டிருக்கிறது. கிரவுண்டில் ஆடிக் களைத்து, சட்டை மாற்றிக்கொண்டு, தட்டுவடைக் கடைக்கு வந்து நின்றால் யாராவது ஒருவர் அந்தப் பெயரை எடுத்துவிடுவார். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் சட்னியும் வைத்த செட்டை முழுதாக வாயில் போட்டுக்கொண்டு எவராலும் பேச முடியாது என்பதால், ஒருவர் மெல்லும்போது மற்றவர் பேசுவது என்ற ஒழுங்கு மட்டும் எங்கள் வாதங்களில் இன்றுவரை குலையாமல் இருக்கிறது.

வாதிடுகிறவர்கள் முக்கியமாக மூன்று பேர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஆரம்பம் முதலே கேடுக்கு எதிர்க்கட்சி. பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேடின் பரம ரசிகர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் கல்லூரி பஸ்ஸைப் பிடிப்பார். மூன்றாமவர் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியும் எங்கள் எல்லோருக்கும் அண்ணன்தான். அவர் எந்தக் கட்சியிலும் சேரமாட்டார். இரு தரப்பும் களைத்த பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொல்லி இருவரையும் கோபப்படுத்துவார். நான் மாவட்ட அளவிலான போட்டிகளில் மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறவன். ஆகவே என்னை நடுநிலையாளர் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நான் அப்படி ஒருபோதும் இருந்ததில்லை.

கொலுசு நண்பரிடம் சரக்கு இல்லாமல் இல்லை. ஒக்லஹோமா ஸ்டேட் கல்லூரிக்காக ஆடிய ஒரே பருவத்தில் கேடின் சராசரி ஆட்டத்துக்கு 3.5 அசிஸ்ட், 4 டர்ன்ஓவர். அமைத்துக் கொடுத்ததைவிடத் தொலைத்தது அதிகம். “இவரைப் போயி பாயிண்ட் கார்டுன்னு சொல்றீங்களே, எந்த ஊரு நியாயமுங்க?” என்று கேட்பார். அதே டிராஃப்டில் நான்காவதாகப் போன ஸ்காட்டி பார்ன்ஸ் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனதும், மூன்றாவதாகப் போன எவன் மோப்லி பின்னாளில் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியதும் அவருக்குக் கிடைத்த கூடுதல் ஆயுதங்கள். இரண்டாவது பருவத்தில் கேட் 12 ஆட்டங்களோடு கால் எலும்பு அறுவைக்குப் போனபோது எதிர்க்கட்சிக்கு ஏறக்குறைய வெற்றி விழா. தம்பி ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்: பாஸ் சரியாகத்தான் போகிறது, பிடித்து எறிய ஆள் இல்லை.

பிறகு 2023-24 பருவம் வந்தது. அக்டோபர் கடைசியில் தோற்கத் தொடங்கிய பிஸ்டன்ஸ் டிசம்பர் 28 வரை, தொடர்ந்து 28 ஆட்டங்கள் தோற்றது. ஒரே பருவத்துக்குள் அதற்கு முன் எந்த அணியும் அவ்வளவு நீளமாகத் தோற்றதில்லை. புரூக்ளினிடம் கண்ட 27ஆவது தோல்வியில் கேட் மட்டும் 41 புள்ளி எடுத்தார். அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் எங்கள் கடையில் மிக உரத்த சண்டை நடந்தது. “நாப்பத்தொண்ணு போட்டும் தோத்தா அது வெத்து நம்பருங்க” என்றார் கொலுசு நண்பர். “மத்தவங்க என்ன பண்ணாங்கன்னு பாருங்கண்ணா” என்றார் தம்பி. டிசம்பர் 30 அன்று டொராண்டோவை 129-127 என்று வென்று அந்த வரிசை முறிந்தபோது கேடின் கணக்கில் 30 புள்ளியும் 12 அசிஸ்ட்டும் இருந்தன. இருவரும் அதையே தத்தம் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் கைகழுவிவிட்டு வந்து சொன்னார்: “பிடிக்கலைன்னா போட்டவன் மேலதான் தப்பு. எங்க கோச் அப்படித்தான் எங்களை அடிச்சாரு.”

அந்த வாக்கியம் எனக்குள் செரிக்கவே இல்லை. முதலில் அநியாயமாகப் பட்டது. பிறகு அதில் ஏதோ இருப்பதாகவும் பட்டது.

கணக்கில் எது ஏறுகிறது

அசிஸ்ட் என்பது கூடைப்பந்தில் மிகவும் விசித்திரமான கணக்கு. ஒருவர் செய்த வேலை இன்னொருவர் கையில் முடிந்தால்தான் முதலாமவர் பெயரில் பதிவாகும். நீங்கள் இரண்டு தடுப்பாளர்களை உங்கள் பக்கம் இழுத்து, மூன்றாமவர் ஓர் அடி நகர்ந்த அந்த இமைப்பொழுதில் கார்னரில் தனியாக நிற்கிறவருக்குப் பந்தைக் கொண்டுசேர்த்தாலும், அவர் எறிந்தது ரிங்கில் பட்டு வெளியே வந்தால் உங்கள் பெயரில் பூஜ்ஜியம். அவர் எறியும்போது ஃபவுல் வாங்கி, ஃப்ரீ த்ரோவில் புள்ளி எடுத்தால், சர்வதேச விதிப்படி கணக்கெடுக்கிறவர்கள் உங்களுக்கு ஓர் அசிஸ்ட் தருவார்கள், என்பிஏ தராது. அதே பாஸ், அதே புள்ளி, கடல் கடந்தால் கணக்கு வேறு. 2013-14 முதல் என்பிஏவின் எல்லா அரங்கங்களிலும் கூரைக் கேமராக்கள் வந்த பிறகு, உள்ளே விழுந்தாலும் விழாவிட்டாலும் எறிதலுக்கு வழிவகுத்த பாஸ்களையும் தனியாக எண்ணுகிறார்கள். ஆனால் கடையில் சண்டை போடுகிறவர்கள் அந்தப் பட்டியலைத் தேடிப் போவதில்லை. காலையில் பத்திரிகையில் வருகிற மூன்று எண்களே போதும் நமக்கு.

அண்ணனுக்குப் பிடித்தமான, யூட்டா ஜாஸ் அணியின் பழைய பாயிண்ட் கார்டு ஜான் ஸ்டாக்டனையே எடுத்துக்கொள்ளலாம். அவருடைய 15,806 அசிஸ்ட்டுகளை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. அவற்றில் பெரும்பங்கு வந்து விழுந்த கைகள் அதே அணியில் ஆடிய கார்ல் மலோனுடையவை. மலோன் தன் வாழ்நாளில் 36,928 புள்ளி எடுத்தவர். மலோனுக்குப் பதிலாக ஒவ்வொரு பருவமும் ஒரு புதியவர் வந்து போயிருந்தால் ஸ்டாக்டனின் எண் என்னவாக இருந்திருக்கும் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, அண்ணன் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

எங்கள் மாவட்டப் போட்டிகளில் நிலைமை இன்னும் மோசம். நான் நிரப்புகிற அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட்டில் அசிஸ்ட் என்ற கட்டமே கிடையாது. இடப்பக்கம் ஆட்டக்காரர்களின் பெயர், எண், ஃபவுல்களுக்கான கட்டங்கள், டைம் அவுட். வலப்பக்கம் 1 முதல் 160 வரை ஓடுகிற புள்ளி வரிசை. கூடை விழுந்தால் அந்தப் புள்ளியின் மீது ஒரு சாய்கோடு, பக்கத்தில் எறிந்தவரின் எண். ஃப்ரீ த்ரோ என்றால் கருமையாக நிரப்பிய வட்டம். மூன்று புள்ளி என்றால் எறிந்தவரின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். முதல் குவார்ட்டருக்கும் மூன்றாவதற்கும் சிவப்புப் பேனா, மற்ற இரண்டுக்கும் நீலம். எறிந்தவர் இருக்கிறார், தவறு செய்தவர் இருக்கிறார். கொடுத்தவர் அந்தத் தாளில் எங்குமே இல்லை.

ஏற்காட்டில் ஏழாம் எண்

பிஸ்டன்ஸின் அந்தத் தோல்வி வரிசை முடிந்த அடுத்த மாதம், ஏற்காட்டில் பள்ளி மாணவியருக்கான ஒரு போட்டிக்கு ஸ்கோர் எழுதப் போனேன். மலையில் சனவரிக் காலை என்றால் தெரிந்ததுதானே. சிமெண்ட் கோர்ட் முழுக்க ஈரம். இரண்டு பேர் கோணிச் சாக்கைப் போட்டு இழுத்து இழுத்துத் துடைத்தும், ரிங்குக்கு அடியில் ஈரம் திரும்பத் திரும்பப் பூத்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கக் கோட்டை ஒட்டிச் சரிவு. சரிவில் சில்வர் ஓக் மரங்களும் அவற்றின் நிழலில் காப்பிச் செடிகளும். பந்து அந்தப் பக்கம் போனால் யாராவது ஓடி இறங்கி எடுத்துவர வேண்டும். விரல் விறைத்துப் போய்ச் சிவப்புப் பேனாவே சரியாக எழுதவில்லை.

கீழே சமவெளியிலிருந்து வந்த ஓர் அணியின் பாயிண்ட் கார்டு, ஏழாம் எண். ரெட்டை ஜடையை மடித்துக் கட்டிய, அணியிலேயே குள்ளமான பெண். முதல் சில நிமிடங்களிலேயே எனக்கு அவளிடமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. உயரமான ஒருத்தி வந்து தடுப்பாளரின் வழியை மறித்து நின்று ஸ்க்ரீன் போட்டதும், இவள் அதன் தோளை உரசிக்கொண்டு கடந்தாள். இரண்டு தடுப்பாளர்களும் இவளை நோக்கி வந்தார்கள். அவர்களின் முழங்கால்களுக்கு இடையில் திறந்த ஒரு சாண் இடைவெளியில் தரையில் ஒரே ஒரு குத்துக் குத்தி, ரிங்கை நோக்கி உருள வேண்டிய உயரமானவளின் கைக்கு எட்டும் இடத்தில் பந்தை எழுப்பினாள். பெரிய அரங்கங்களில் பார்த்து வாயைப் பிளக்கும் அதே பாஸ். ஆனால் உயரமானவள் இன்னும் முதுகைத் திருப்பவே இல்லை. பந்து அவள் முழங்காலின் பின்பக்கம் பட்டு எதிரணிக்குப் போய்விட்டது. அடுத்த முறை, தடுப்பு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்ததைப் பார்த்து, கோர்ட்டைக் குறுக்கே தாண்டி எதிர்க் கார்னருக்கு ஒரு பாஸ். அங்கே நின்ற பெண் ரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து அவள் காதை ஒட்டிப் பறந்து காப்பிச் செடிகளுக்குள் இறங்கியது. இன்னும் ஒன்று இப்படியே போனதும் பயிற்சியாளர் அவளை வெளியே அழைத்தார்.

“யாருக்கும்மா போடற? ஆளைப் பாத்துப் போடு!”

“அங்க ஆள் ஃப்ரீயா இருந்தாங்க சார்.”

“ஃப்ரீயா இருந்தா போதுமா? பிடிச்சாளா?”

அவள் ஒன்றும் பேசாமல் பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தாள். எனக்குப் பயிற்சியாளர் மீது சுருக்கென்று கோபம் வந்தது. உடனே அண்ணனின் வாக்கியமும் நினைவுக்கு வந்தது. இருவரும் சொன்னது ஒன்றே. பயன்படாத ஓர் எண்ட்ரி ஃபார்மைத் திருப்பி, பின்பக்கத்தில் அவளுடைய பாஸ்களைத் தனியாகக் குறிக்கத் தொடங்கினேன். போட்டியின் வேலைக்கு அது தேவையில்லாதது, என்னுடைய சொந்த ஆசைக்கு.

எனக்கு இந்த விவகாரம் முழுவதும் திரும்பியது இடைவேளையில்தான். மற்றவர்கள் பிஸ்கெட்டும் டீயும் எடுக்கப் போனபோது, ஏழாம் எண் அந்த உயரமான பெண்ணைப் பக்கக் கோட்டருகே நிறுத்தி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிப் புரியவில்லை போலிருக்கிறது. அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்து நெஞ்சுயரத்துக்குத் தூக்கி, விரல்களை விரித்துவிட்டு, தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, ரிங்கைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள். மறுபடி ஒருமுறை. பிறகு பந்தே இல்லாமல் இருவரும் அதை நடந்து பார்த்தார்கள்.

மூன்றாம் குவார்ட்டரில் அவள் திரும்ப வந்தபோது பாஸ் மாறியிருந்தது. அதே ஸ்க்ரீன், அதே இடைவெளி. ஆனால் பந்தைக் கையில் ஒரு கணம் கூடுதலாக வைத்துக்கொண்டு, உயரமானவளின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு, அவள் முகம் திரும்பிய பிறகே கொடுத்தாள். அந்த ஒரு கணத்தில் தடுப்பாளர்களில் ஒருத்தி பாதி தூரம் திரும்பி வந்துவிடுவாள் என்பதால், பாஸ் முன்பைவிட அழகு குறைந்ததுதான். உண்மையில் முன்பைவிடச் சுமாரான பாஸ்தான். ஆனால் பிடிக்கப்பட்டது. உயரமானவளின் எண்ணைச் சிவப்பில் நான் வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். கடைசியில் அவர்கள் சொற்ப வித்தியாசத்தில் தோற்றார்கள். அந்தத் தாளை இன்று யாராவது எடுத்துப் பார்த்தால், ஏழாம் எண் இரண்டு ஃபவுல் செய்தாள், நான்கு புள்ளி எடுத்தாள் என்பது மட்டும் தெரியும். அன்றைய ஆட்டத்தில் மிகச் சிறந்தவள் யார் என்பதைத் தாளை வைத்துச் சொல்லவே முடியாது.

இதைக் கடையில் சொன்னபோது மூவரும் தத்தம் வழியிலேயே கேட்டார்கள். தம்பிக்கு முதல் பாதி பிடித்தது: பார்வை இருக்கிறது, பிடிக்க ஆள் இல்லை. கொலுசு நண்பருக்கு அந்தப் பயிற்சியாளரைப் பிடித்தது. அண்ணன் மட்டும் இடைவேளையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார். மணிக்கட்டைப் பிடித்தாளா, அவளாகவே செய்தாளா, யாரும் சொல்லித்தராமலா என்று. அவருடைய ‘போட்டவன் மேலதான் தப்பு’ என்பது பழியைச் சுமத்துகிற வாக்கியம் அல்ல, பொறுப்பை ஒப்படைக்கிற வாக்கியம் என்பது அந்தக் கேள்விகளில்தான் எனக்குப் பிடிபட்டது. சகஆட்டக்காரரின் கைக்கு எது தாங்கும் என்று தெரிந்து வைத்திருப்பதும், தாங்காத கையைத் தாங்கும்படி பழக்குவதும் பாயிண்ட் கார்டின் வேலைக்குள்தான் அடங்கும் என்கிறார் அவர். அதில் நான் இப்போது பெரும்பாலும் அவர் கட்சி.

கார்னரில் நின்றவர்கள் மாறியபோது

பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், முழுவதும் அல்ல. ஏனென்றால் 2023-24 பிஸ்டன்ஸில் கேடைச் சுற்றி இருந்த நிலைமையை எந்தப் பழக்கமும் ஒரே பருவத்தில் சரிசெய்திருக்க முடியாது. அப்போது புதுமுகமாக இருந்த ஆசார் தாம்சன், தடுப்பில் எவ்வளவு அபாரமானவரோ, மூன்று புள்ளி எறிதலில் அவ்வளவு பலவீனமானவர். அந்தப் பருவத்தில் அவருடைய வெற்றி விகிதம் 18.6. அப்படிப்பட்டவர் கார்னரில் நின்றால் அவரைக் காக்க வேண்டியவர் அவரை விட்டுவிட்டு ரிங்குக்கு அடியில் வந்து நின்றுகொள்வார். கேட் உள்ளே நுழைந்தால் மூன்று பேர் சுவர். வெளியே கொடுத்தால் எதிரணிக்குச் சந்தோஷம். கார்னருக்குப் போகிற பாஸைத் தடுக்க வேண்டிய அவசியமே எதிரணிக்கு இல்லை, அது அவர்கள் கேட்டு வாங்கிய பாஸ். அந்தப் பருவம் 14 வெற்றி, 68 தோல்வியில் முடிந்தது. கேடின் சராசரி 22.7 புள்ளி, 7.5 அசிஸ்ட்.

அடுத்த கோடையில் பயிற்சியாளர் மான்டி வில்லியம்ஸ் போய் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார். டோபயாஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர், மாலிக் பீஸ்லி என்று எறியத் தெரிந்த மூத்தவர்கள் வந்தார்கள். பீஸ்லி அந்தப் பருவத்தில் 319 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டார். லீக் முழுவதிலும் அந்தோனி எட்வர்ட்ஸ் மட்டுமே அவரைவிட ஒன்று கூடுதல். பிஸ்டன்ஸ் 44 ஆட்டங்களில் வென்றது. ஒரு பருவத்தின் வெற்றிகளை அடுத்த பருவத்தில் மூன்று மடங்குக்கு மேல் ஆக்கிய முதல் என்பிஏ அணி அது. கேடுக்கு 26.1 புள்ளி, 9.1 அசிஸ்ட். 2025 மே மாதம், பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலான ஆல்-என்பிஏவின் மூன்றாம் அணியில் அவர் பெயர் வந்தது. அதனால் 22.4 கோடி டாலர் ஒப்பந்தம் ஏறத்தாழ 26.9 கோடிக்கு உயர்ந்தது. பத்திரிகையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அணி அது என்று தம்பி பெருமையோடு விளக்கியதும், “ஓட்டுப் போட்டு ஸ்டார் ஆக்கறது நம்ம ஊருலயும் நடக்கறதுதானுங்களே” என்றார் கொலுசு நண்பர்.

அவர் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே எண் டர்ன்ஓவர், அதில் அவர் சொல்வதைத் தட்டிவிட முடியாது. எறிபவர்கள் இல்லாத காலத்தில் கேடின் டர்ன்ஓவர் ஆட்டத்துக்கு 3.4. நல்ல எறிபவர்கள் வந்த பிறகு அது 4.4. பிடிக்க ஆள் இல்லாததுதான் காரணம் என்றால் இது குறைந்திருக்க வேண்டுமல்லவா? அதே பருவத்தில் இந்தியானா பேசர்ஸின் பாயிண்ட் கார்டு டைரீஸ் ஹாலிபர்ட்டன் 9.2 அசிஸ்ட் கொடுத்து 1.6 பந்துதான் தொலைத்தார். அந்த ஹாலிபர்ட்டனைத்தான் 2025 ஏப்ரலில், பெயர் வெளியிடாமல் நடந்த ஒரு வாக்கெடுப்பில், அளவுக்கு மீறிப் புகழப்படுகிறவர் என்று என்பிஏ ஆட்டக்காரர்களே முதலிடத்தில் தேர்ந்தெடுத்தார்கள். அவரோ அந்தப் பருவத்திலேயே இந்தியானாவை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோய், முதல் ஆட்டத்தை 0.3 நொடி மீதமிருக்கும்போது வென்று கொடுத்தார். தினமும் எதிரில் நின்று ஆடுகிறவர்களாலேயே ஒரு பாயிண்ட் கார்டைச் சரியாக எடைபோட முடியவில்லை என்றால், தட்டுவடைக் கடையில் எங்களைக் குறை சொல்லி என்ன பயன்?

நியூயார்க் நிக்ஸுக்கு எதிரான 2025 பிளே-ஆஃப் வரிசையில் எங்கள் மூவருக்குமே தீனி இருந்தது. நான்காவது ஆட்டத்தில் கேட் 25 புள்ளி, 10 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். ஆனால் 94-93 என்று பின்தங்கியிருந்த கடைசி நொடிகளில் அவர் தானே எறிந்தது விழவில்லை. சிதறிய பந்து கார்னரில் ஹார்டவேயிடம் போக, எறிகையில் நிக்ஸின் ஜோஷ் ஹார்ட் அவர் மீது மோதினார், விசில் வரவில்லை, ஆட்டம் முடிந்த பிறகு அது ஃபவுல்தான் என்று நடுவரே ஒப்புக்கொண்டார். ஆறாவது ஆட்டத்தில், நம் நேரப்படி மே 2 காலை, ஜேலன் பிரன்சன் 4.3 நொடி மீதமிருக்க மூன்று புள்ளி போட்டு நிக்ஸை முன்னால் கொண்டுபோனார். சமன்செய்யக் கிடைத்த கடைசி வாய்ப்பில் பந்து பீஸ்லியின் கைக்கு வந்து, நிற்காமல் நழுவிப் போனது. பருவம் முழுவதும் பிடித்துப் பிடித்து எறிந்த 319 மூன்று புள்ளிக்காரரின் கை அது.

தம்பி அதைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார். நான் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: கேட் ஸ்டார்தான், அதில் பேசுவதற்கு இனி ஒன்றும் இல்லை. அமைத்துக் கொடுப்பதில் அவர் ஏழாம் எண்ணின் முதல் பாதியிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டார், ஆனால் மூன்றாம் குவார்ட்டருக்கு இன்னும் முழுதாக வந்துசேரவில்லை. இருவர் சூழ்ந்த நிலையில், ஒரு கணம் பொறுக்காமல், வாங்குகிறவர் திரும்பும் முன்பே பந்தை விடுகிற பழக்கம் அவரிடம் மிச்சம் இருக்கிறது, 4.4இல் கணிசமான பங்கு அதிலிருந்து வருவதாகவே ஆட்டங்களைப் பார்க்கையில் எனக்குப் படுகிறது. அதைச் சகஆட்டக்காரர்கள் கணக்கில் எழுத நான் தயாரில்லை. அசிஸ்ட் ஒன்பதுக்குக் கீழே இறங்காமல் டர்ன்ஓவர் மூன்றரைக்கு வந்தால் கொலுசு நண்பர் ஒரு மாதத்துக்கு எல்லோருடைய செட்டுக்கும் காசு கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மூன்றரையா, மூன்றா என்பதில்தான் அவருக்கும் தம்பிக்கும் இப்போது பேரம் நடந்துகொண்டிருக்கிறது.